கலியாண விசாரிப்புக்குப் போன இடத்தில்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வெங்காயத் தோட்டம் செய்தே எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். ஒருவன் சிரித்துக்கொண்டு கதைத்தால், இவனுக்கு என்ன தேவை என்றுதான் எனக்கு முதலில் யோசனை போகும். அதனால்தான் என் தம்பியின் மகள் ஆரணிக்குச் சம்பந்தம் வந்தபோது, விசாரிக்கிற வேலையை என்னிடம் விட்டார்கள். தம்பி இப்போது இல்லை.

மாப்பிள்ளை பெயர் பார்த்தீபன். நெல்லியடியில் ஓர் அலுமினியக் கடையில் யன்னல், கதவு செய்து பூட்டுகிறவன் என்று தரகர் சொன்னார். சாதகம் பொருந்திவிட்டது. ஆரணிக்கும் பெடியனைப் பிடித்துவிட்டது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவனுடைய வேலை பதிந்த வேலையா? அவன் இல்லாமல் போனாலும் வீட்டுக்குக் கிடைக்கிற சேமலாப நிதியை முதலாளி மாதாமாதம் கட்டுகிறாரா?

தம்பி ஒரு அரிசி மில்லில் தலை நரைக்கும்வரை மூட்டை தூக்கினான். முதலாளி அவனைத் "தம்பி, தம்பி" என்றுதான் கூப்பிடுவான். "நாங்கள் ஒரு குடும்பம், எங்களுக்குள்ளை என்ன பதிவு" என்பான். தம்பி செத்த அன்று பெரிய மாலையோடு வந்து அழுதான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் இந்தக் குடும்பத்தை எட்டிப் பார்க்கவில்லை. தம்பியின் மனைவி செல்வநாயகி முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு தோட்டக் கூலிக்கு இறங்கினாள். அதே குழியில் ஆரணி விழ நான் விடமாட்டேன்.

எங்கள் பக்கத்தில் கலியாண விசாரிப்புக்குப் போகிறவன் விசயத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் வேண்டியவன் புளுகுவான், வேண்டாதவன் கல்லைப் போடுவான். சும்மா போன மாதிரிப் போய்க் கேட்க வேண்டும். நான் வெள்ளைச் சட்டை போட்டு, சாதகக் குறிப்பு இருந்த பிளாஸ்டிக் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நீர்வேலியில் பஸ் ஏறினேன்.

கடையில் மூன்று பேர் வேலையில் நின்றார்கள். தரகர் காட்டிய படத்தில் இருந்தவன் அலுமினியச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தான். முதலாளி சிவசுப்பிரமணியம் என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கோ ஐயா, இருங்கோ. சோடா குடிக்கிறியளோ?"

முன்பின் தெரியாதவனுக்கு ஏன் சோடா? எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"சோடா வேண்டாம். இஞ்சை பார்த்தீபன் எண்டு ஒருத்தர் வேலையோ?"

அவர் என் ஃபைலைப் பார்த்தார். "வேலையோ? இல்லையே. உவன் என்ரை அக்காவின்ரை மகன். சும்மா வந்து நிக்கிறவன்."

"சம்பளம்?"

"சொந்தக்காரப் பெடியனுக்கு என்ன சம்பளம் ஐயா? தேத்தண்ணிக்கு ஏதும் குடுப்பன்."

"காலமை எத்தினை மணிக்கு வருவார்?"

"வந்தால் வருவான், வராட்டில் வராமல் விடுவான்."

நான் எழுந்து பெடியனிடமே போனேன். அவன் முகத்தில் அலுமினியத் தூள் படிந்திருந்தது. "தம்பி, நீர் இஞ்சை வேலையோ?"

அவன் முதலாளியைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். "இல்லை ஐயா. மாமாவுக்கு உதவி."

எனக்கு அது போதும். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, "உவன் வேலை வெட்டி இல்லாதவன். இல்லாட்டில் பொய்யன். இந்தச் சம்பந்தம் சரிவராது" என்று சொல்லிவிட்டேன். செல்வநாயகி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். ஆரணி அழவில்லை.

"பெரியப்பா, நீங்கள் அங்கை என்னென்ன கேட்டனீங்கள்?"

சொன்னேன்.

"இந்த வெள்ளைச் சேட்டோடையோ? ஃபைலும் கையிலையோ?"

"ஓம்."

அவள் சிரிக்கத் தொடங்கி, இருமல் வரும்வரை சிரித்தாள். "உங்களைக் கடை கடையாச் சோதிக்கிற தொழில் கந்தோர் ஆள் எண்டு நினைச்சிட்டார் பெரியப்பா! குறைஞ்ச சம்பளம் எவ்வளவு எண்டு சட்டத்தை மாத்தினாப் பிறகு எல்லாக் கடைக்காரரும் பயந்துபோய்த்தான் இருக்கினம். முதலிலை ஒரு வயது போனவர் வந்து சும்மா கதை கேப்பாராம், பிறகுதான் வாகனம் வருமாம் எண்டு கதை."

"அதுக்கு ஏன் அக்காவின்ரை மகன்?"

"சொந்தக்காரர் எண்டால் கேக்கமாட்டினம் எண்டு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம். நான் வேலை செய்யிற பாமசியிலையும் அப்பிடித்தான். போன மாதம் ஒராள் வரேக்கை நான் முதலாளியின்ரை மச்சாள்."

"நீயும் பொய் சொன்னனியோ?"

"சொல்லாட்டில் அடுத்த நாள் வேலை இருக்காது. பார்த்தீபனும் அப்பிடித்தான் சொல்லியிருப்பார்."

நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. என்னை ஒருவன் ஏமாற்றினால் தாங்குவேன். என்னைக் கந்தோர்க்காரன் என்று நினைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த நாள் சாரமும் பழைய சட்டையுமாய்த் திரும்பவும் நெல்லியடிக்குப் போனேன். ஃபைலைக் கொண்டுபோகவில்லை.

"நான் கந்தோர் இல்லை. நீர்வேலி ஏரம்பு. தோட்டக்காரன். பெட்டையின்ரை பெரியப்பன். உந்தப் பெடியனுக்குக் கலியாணம் பேசி விசாரிக்க வந்தனான்."

சிவசுப்பிரமணியம் நம்பவில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை, நானும் நம்பியிருக்கமாட்டேன். என் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் செம்மண் இருந்தது. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டார்.

"அட, இதை நேற்றே சொல்லியிருக்கலாமே! தங்கமான பெடியன் அண்ணை. என்ரை வலக்கை."

"நேற்று அக்காவின்ரை மகன். இண்டைக்கு வலக்கையோ? வடிவாக் கேளும். அக்காவின்ரை மகன் எண்டால் நீர் தாய்மாமன். கலியாணச் சபையிலை நீர்தான் முன்னுக்கு நிக்க வேணும். மண்டபமும் சாப்பாடும் உம்மடை பொறுப்பு. நாளைக்கு அவனுக்கு ஒண்டு நடந்தால் என்ரை பிள்ளையைப் பாக்கிறதும் நீர்தான். வேலையாள் எண்டால் உதொண்டும் வேண்டாம். பேரைப் பதிஞ்சு, மாதாமாதம் கட்ட வேண்டியதைக் கட்டும். எது எண்டு சொல்லும்."

அவர் முகம் கறுத்தது. "கொழும்பிலை இருந்து சட்டம் போடுறவைக்கு என்ன? எனக்கு ஆர் கூட்டித் தாறது? யன்னல் போட வாறவன் பக்கத்துக் கடையிலை விலை கேட்டிட்டுத்தான் என்னட்டை வாறான். பக்கத்துக் கடைக்காரன் ஒருத்தரையும் பதியேல்லை. நான் மட்டும் நல்லவனாயிருந்து கடையைப் பூட்டுறதோ?"

அந்தக் கதையில் நியாயம் இருந்தது. நானும் வெங்காயம் கிண்ட ஆள் பிடிக்கிறவன்தான். ஆனால் நியாயம் இருக்கிறது என்பதற்காக ஒரு பெட்டையைக் கட்டிக் கொடுக்க முடியாது.

அப்போது அறுக்கிற மெசின் நின்றது. பார்த்தீபன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இந்த முறை அவன் நிலத்தைப் பார்க்கவில்லை.

"ஐயா, நான் இஞ்சை வேலைதான். நாலு வருசம். நேற்றுச் சொன்னது பொய்." பிறகு முதலாளியிடம் திரும்பினான். "பதிஞ்சால் நிக்கிறன் மாமா. இல்லாட்டில் திருநெல்வேலியிலை ஒரு கடையிலை பதிஞ்சு எடுக்கிறன் எண்டு கூப்பிடுகினம். திங்கள் போறன்."

"இப்பவும் மாமா எண்டுறியோடா?"

"சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு முதலாளி."

மற்ற இரண்டு பேரும் கண்ணாடியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிவசுப்பிரமணியம் அவர்களையும் பார்த்தார். "உவனைப் பதிஞ்சால் உவங்களும் கேப்பாங்கள் அண்ணை."

"கேக்கட்டும். ஒரே நாளிலை மூண்டு பேரையும் பதிஞ்சு முடியும். உமக்கும் இனி வெள்ளைச் சேட்டைக் கண்டு சோடா உடைக்கிற வேலை இல்லை."

அவர் கொஞ்ச நேரம் நாடியைச் சொறிந்தார். பார்த்தீபன் எடுக்கிற அளவு பிசகாது என்று ஊரே சொல்கிறது. அவன் போனால் கடை பாதிக் கடைதான் என்று அவருக்குத் தெரியும். "சரி, பதியிறன்" என்றார். "பதிஞ்சால் சபையிலை எனக்கு இடம் இல்லையோ?"

"பதிஞ்சிட்டு வாரும். முன்வரிசையிலை இருத்துறன்."

வாய்ச்சொல்லை நம்பி நான் நாள் வைக்கவில்லை. அடுத்த மாதம் பார்த்தீபன் தன் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தை ஆரணியின் போனுக்கு அனுப்பினான். அதையும் நம்பாமல் அவனைக் கூட்டிக்கொண்டு தொழில் கந்தோருக்கே போய்க் கேட்டேன். பணம் கட்டியிருக்கிறது என்று அங்கே இருந்த பிள்ளை சொன்னாள். அன்றைக்கே ஐயரிடம் போய் ஆவணியில் நாள் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் செல்வநாயகி திரும்பவும் அழத் தொடங்கினாள். அவளுக்கு எதற்கும் அழுகைதான். ஆரணி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள்.

"பிள்ளை, உங்கடை பாமசி எத்தினை மணிக்குத் திறக்கும்?"

"ஏன் பெரியப்பா?"

"உன்ரை முதலாளிக்கு நீ மச்சாள் எண்டால், எனக்கும் அவர் ஏதோ முறை வேணுமே. என்ன முறை எண்டு கேட்டிட்டு வாறன். அந்த வெள்ளைச் சேட்டைத் தோய்ச்சுப் போடு."

"ஐயோ, ஃபைலும் கொண்டுபோகப் போறியளோ?"

"அது இல்லாமலோ?"