மூன்று பந்தி சாப்பிட்டவன்

சோலைக்குக் கால் முறிந்தது ஆட்டோவில் அல்ல, குளியலறையில். அவன் ஆட்டோ ஓட்டும் செல்லூர் ஸ்டாண்டில் இதை யாரும் மறக்கவில்லை. உள்ளே கம்பி வைத்துத் தைத்த டாக்டர், எலும்பு கூடிவிட்டது, வலி மெதுவாகப் போகும் என்றார். எவ்வளவு மெதுவாக என்று சோலை கேட்கவில்லை. மழை முடிந்து வெயில் ஏறிய பிறகும் வலி போகவில்லை. வீட்டில் கேட்டால் போய்விட்டது என்றான்.

அப்படிச் சொல்லாவிட்டால் வண்டி கைக்கு வராது. மனைவியின் தம்பி மருது அதை ஓட்டிக்கொண்டிருந்தான். முன் கண்ணாடியில் தன் பெயரை ஒட்டிவிட்டான். சவாரிக்காரர்களும் மருது வண்டி என்றே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். சோலை சாவி கேட்டபோது மனைவி செல்லத்தாய் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"கெடா வெட்டுல எல்லாரோடயும் தரையில உக்காந்து சாப்பிடுங்க. யார் கையும் புடிக்காம எந்திரிங்க. அங்கனயே சாவிய வாங்கிக்கங்க."

திருவாதவூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில், அவர்கள் குலசாமி கோயிலில் கெடா வெட்டு நடந்தது. முதல் பந்தியிலேயே சோலை உட்கார்ந்தான். விழுந்தான் என்று சொல்வதுதான் சரி. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. கறி நன்றாக இருந்தது. எழப்போனபோதுதான் விஷயம் தெரிந்தது. முட்டிக்குக் கீழே யாரோ ஸ்பேனர் போட்டுத் திருகினார்கள். இழுத்துப் பார்த்தான். வேறு யாருடைய காலோ போல அது கிடந்தது.

பக்கத்தில் ஒரு பெரியவர் இன்னும் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அடுத்தவர் சாப்பிடும்போது எழுவது மரியாதை இல்லை. சோலை மரியாதை பார்த்தான். பெரியவர் போனதும் அந்த இடத்தில் இரண்டாம் பந்திக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். மரியாதை தொடர்ந்தது.

கறி வாளியோடு பரிமாற வந்த சொந்தக்காரப் பையன் ராஜபாண்டி, காலுக்கு நல்லது என்று நல்லி எலும்பாகப் பொறுக்கி வைத்தான். மூன்றாம் பந்தியில் அவனுக்கே சந்தேகம் வந்தது.

"அண்ணே, நீங்க மொதப் பந்தியிலயே இருந்தீகள்ல?"

"கறி நல்லாருக்குப்பா."

செய்தி அடுப்புக்குப் போயிற்று. சமையல்காரரே நேரில் வந்து பார்த்து, ஈரலைத் தன் கையால் வைத்தார். சோலை அதையும் தின்றான். கண்ணில் நீர் வந்தது. சமையல்காரர் அதைத் தன் மசாலாவுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

கடைசியில் பரிமாறியவர்களும் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். பக்கத்தில் ஆளே இல்லை. மருது புளியமரத்தடியில் சாவியை விரலில் சுற்றியபடி நின்றான். சோலை ஒரு கையைத் தரையில் ஊன்றினான். எடுத்துவிட்டான்.

அப்போது செல்லத்தாய் ஓர் இலையோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. சோற்றைப் பருக்கை பருக்கையாகத் தின்றாள். பொழுது சாயும் வரை அவளால் அப்படித் தின்ன முடியும் என்று தோன்றியது.

"வலிக்குது" என்றான் சோலை.

"தெரியும். இம்புட்டுக் கறி எங்கப்பன் வச்ச விருந்துலகூட நீங்க திங்கல."

அவள் கையைக் காட்ட, மருதுவும் ராஜபாண்டியும் வந்து அவனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். சாவி மருதுவின் பைக்குள் போனது.

சோலை பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வந்தான். இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த வலியை ஒவ்வொரு வேகத்தடைக்கும் சொன்னான். வேகத்தடை இல்லாத இடத்திலும் சொன்னான். ஒத்தக்கடை வந்ததும் மருது வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, பேசாம நீங்களே ஓட்டுறீகளா?"

சோலை சட்டென்று நிமிர்ந்து, வலியில் முனகினான்.

"வண்டிய எடுறா" என்றாள் செல்லத்தாய்.