வளைவு வைக்காத குழாய்

அப்பாவின் அறையில் அவள் மறுபடியும் பினாயிலை ஊற்றித் தேய்த்தாள். மெத்தை போயிற்று, கட்டில் போயிற்று. அப்பாவின் உடலைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியாயிற்று. காலி அறையில் நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது. அழுகிய முட்டையும் சாக்கடையும் கலந்து, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் நாற்றம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் சுவரோரமாகவே நின்றார்கள். பெரிய அத்தை கைக்குட்டைக்குள்ளிருந்து புலம்பினாள். "என் தம்பி இருந்த இருப்பென்ன! கடைசியில கிட்ட போக முடியலயே."

அண்ணன் எட்டிப் பார்த்தான். வீடுகளுக்கு ஏசியும் காற்றுக்குழாயும் பொருத்துவது அவன் தொழில். அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் இந்த வீட்டுக் கூரைக்குள்ளும் ஏசி இயந்திரம் வைத்து, அறைக்கும் கூடத்துக்கும் குழாய் இழுத்தவன் அவன்தான்.

"இன்னுமா போகல? மெஷின ஃபுல்லா வைக்கிறேன், எல்லாத்தையும் இழுத்துடும்."

வேகம் கூடியது. நாற்றமும் கூடியது.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். மாதக்கணக்கில் இதைத்தான் செய்திருந்தார்கள். நாற்றம் எழுந்தால் இயந்திரம், பிறகு அப்பாவுக்கு இன்னொரு குளியல். தோல் சிவக்கச் சிவக்கத் தேய்க்கும்போது அவர் கேட்பார்: "இன்னும் நாறுதாம்மா?" அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

ஸ்டூலில் ஏறிக் கூரைப் பலகையைத் தள்ளினாள். இயந்திரத்தின் நீர்த்தட்டில் சளி போலப் பழுப்புக் கொழகொழப்பு. அதிலிருந்து வடிகுழாய் நேராகக் கழிவறைச் சாக்கடைக் குழாய்க்குள் இறங்கியது.

"வளைவு எங்கண்ணா?"

தண்ணீர் தங்கி நாற்றத்தை மறிக்கும் வளைவு. அதை வைக்காத வேலையாட்களை அவன் போனில் கிழிப்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

"கூரைக்குள்ள இடம் பத்தல. நம்ம வீடுதானேன்னு..."

"சாக்கடைய உறிஞ்சி அவர் மூஞ்சியில ஊதியிருக்கோம்."

"மெதுவா பேசு. எல்லாரும் இருக்காங்க."

"எல்லாரும் இருக்கும்போதே வந்து சொல்லு. அப்பா நாறலன்னு சொல்லு."

"சொன்னா நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே."

அவள் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்தாள். அண்ணன் ஸ்டூலில் ஏறி, கொழகொழப்புக்குள் முழங்கை வரை விட்டு, குழாயின் வாயில் துணியைத் திணித்தான்.

வண்டி வருவதற்குள் காற்று தெளிந்தது. சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"பாரேன், தம்பிக்கு இப்பத்தான் உடம்பு அடங்கியிருக்கு. வாடையே இல்ல."

"அது அப்பாவோடது இல்ல அத்தை."

அத்தை அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "எனக்குத் தெரியாதா? எல்லாம் அந்தப் பாழாப்போன நோய் பண்ணின வேலை."

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"ஆமா அத்தை," என்றான் அவன். மடித்திருந்த சட்டைக் கையை அவசரமாக இறக்கிப் பொத்தான் போட்டிருந்தான். வெள்ளைத் துணியில், முழங்கைப் பக்கம், பழுப்பு ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.