பத்துக்கு எத்தனை?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சையில் வலி நிவாரணம் எப்படியெல்லாம் வளர்ந்திருக்கிறது என்று ஒரு மருத்துவ மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "மயக்க மருந்து வருவதற்கு முன், நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள..." என்று பிரமாதமாக ஆரம்பித்தேன். அந்த நாலு பேரை வைத்துக்கொண்டு மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்களை அனுப்பிவிட்டுக் கதைக்கு வந்துவிட்டேன்.

2

கதாநாயகர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மேல்வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு அறுவை, நேற்றுத்தான் முடிந்தது. (பெயர் வைக்கவில்லை. வைத்தால் அதிலும் குறை கண்டுபிடிப்பார்.) நர்ஸ் வருகிறார்.

"சார், வலி பத்துக்கு எத்தனை?"

"நாலு."

நாலு என்று எழுதி, ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போகிறார். மகன் நிம்மதியாகப் பேப்பரைப் பிரிக்கிறான். வாத்தியாரின் மனைவிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மனிதர் இருமலை அடக்குகிறார், மூச்சைப் பாதியில் நிறுத்துகிறார். இப்படியே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி ஆபத்தாகிவிடும் என்று காலையில்தான் எச்சரித்திருந்தார்கள்.

3

அப்போது உள்ளே நுழைந்த மயக்க மருந்து டாக்டர், வாத்தியாரிடம் ஒரு காலத்தில் கணக்கில் கோட்டைவிட்ட மாணவி, கண்கள் பனிக்க...

(கண்றாவி. அடித்துவிட்டேன்.)

4

மயக்க மருந்து டாக்டர் வருகிறார். யாருடைய மாணவியும் அல்ல. "நாலுதானே, பரவாயில்லையே" என்று திரும்புகிறவரை மனைவி மறிக்கிறார்.

"கொஞ்சம் நில்லுங்க டாக்டர். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். என் சமையலுக்கு இவர் பத்துக்கு மூணு மார்க்குக்கு மேல போட்டதே இல்ல. மூணு போட்ட அன்னைக்குத் தட்டை வழிச்சுச் சாப்பிட்டாரு. இவர் நாலுன்னு சொன்னா உயிர் போகுதுன்னு அர்த்தம்!"

"நீ சும்மா இரு."

"கூடப் போட்டா உங்க சொத்தா கொறையும்?"

"பத்துன்னா அதுக்கு மேல எதுவும் இருக்கக் கூடாது. இருக்குமே."

டாக்டர் சிரித்துவிட்டார். "மார்க்கே வேணாம் சார். ஒரு தடவை இருமிக் காட்டுங்க."

வாத்தியார் இருமப் பார்த்தார். வரவில்லை. முகம் வெளிறி, மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

5

(கட்டுரைக்காரன் இரண்டு வரி பேச அனுமதியுங்கள். ஸ்கேன் திரையில் பார்த்தபடியே முதுகுத் தசைகளுக்கு நடுவே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகினார்கள். அதில் சொட்டும் மருந்து காயத்துக்குப் போகும் நரம்புகளை மட்டும் மரத்துப்போக வைக்கும். ஆள் விழித்திருந்து வம்பளக்கலாம்.)

அரைமணியில் வாத்தியார் இருமினார், எதிர்க்கட்டில்காரர் திடுக்கிடும் அளவுக்கு.

6

முடிவு அ: "இப்போ எத்தனை சார்?" "ஒண்ணு."

முடிவு ஆ: அவர் மனைவியைப் பார்த்து, "உனக்குப் பத்து" என்று... (சாகும்வரை சொல்லமாட்டார். எனக்குத் தெரியும்.)

எப்படித் தெரியும் என்கிறீர்களா? பேப்பர் பிரித்த மகன் நான்தான். அம்மா டாக்டரை மறித்தது அறுவை முடிந்து மூன்று நாள் கழித்து. கதையில் இரண்டு நாள் முன்னால் நகர்த்தியிருக்கிறேன். அந்த இரண்டு நாளும் அப்பா "நாலு, நாலு" என்று சொல்லிக்கொண்டு கிடந்தார். நான் விளையாட்டுப் பக்கம் வரை படித்து முடித்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். கதைக்கு மார்க் வேண்டாம். அந்த மகனுக்குப் பத்துக்கு எத்தனை என்று போடுங்கள். அப்பா மாதிரியே போடுங்கள்.