கொக்கிக் கீறல் இல்லாத பிக்கப்

பழைய பிக்கப் வண்டி பொய் சொல்லாது. அதை வைத்திருந்தவர்கள்தான் வாய் கூசாமல் சொல்வார்கள். எங்கள் தாத்தா காலத்துப் பால் வண்டி என்று ஒருவர் மார் தட்டுவார். பின்னால் ஏறிப் பலகையைப் பார்த்தால், ஏற்றியது பாலில்லை, பன்றி என்று குட்டு வெளிப்பட்டுவிடும்.

பழைய வண்டிகளைக் காட்சிக்கு வைத்திருந்த அந்தக் கொட்டகையில் அவளுக்கு இதுதான் வேலை. எந்த பிக்கப் எதற்கு உழைத்தது என்று கண்டுபிடித்து, முன்னால் வைக்கும் பலகையில் எழுத வேண்டும். பால் கேன் நின்ற இடம் வட்ட வட்டமாகத் தேய்ந்திருக்கும். கொத்தனார் வண்டியின் மூலையில் சிமெண்டு கெட்டித்துக் கிடக்கும். ஏறிப் பார்க்காமல் அவள் ஒரு வார்த்தை எழுத மாட்டாள். அங்கே வந்து சேர்ந்த அப்பாவின் வண்டிக்கு மட்டும் ‘ஐஸ் வண்டி’ என்று பார்க்காமலே எழுதிவிட்டாள்.

அப்பா போன மாதம்தான் இறந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. இப்போது வரும், இதோ வரும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள், கல் நெஞ்சுக்காரி என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. வந்தவர்கள் குடித்த தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

அப்பா என்றால் அவள் நினைவுக்கு வருவது ஓர் அடிதான். சின்ன வயதில், வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், வாசலில் நின்ற வண்டியின் பின்னால் ஏறினாள். பலகை ஈரமாக, ஜில்லென்று இருந்தது. கையைக் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்து இறக்கி, கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அவளைத் தொட்டு அடித்ததில்லை. ஏன் அடித்தார் என்று சொல்லவுமில்லை. தன்னை அவருக்குப் பிடிக்காது என்று அன்றைக்கு முடிவு செய்தவள், கடைசிவரை ஓரடி தள்ளியே நின்றாள்.

“ஏறிப் பாக்காமலே எழுதிட்டீங்களாக்கா?” என்று கேட்டான் மெக்கானிக். கொட்டகையில் எல்லோரும் அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டு வண்டி எனக்குத் தெரியாதா என்று சொல்ல வாயெடுத்தவள், வேலை வேலைதான் என்று ஏறினாள்.

தண்ணீர் சொட்டிச் சொட்டித் தகரமெல்லாம் துருப்பிடித்திருந்தது. ஐஸ் இருந்தது உண்மைதான். ஆனால் ஐஸ் கட்டியைக் கொக்கி போட்டு இழுப்பார்கள். பலகை முழுக்க உழுதுபோட்ட மாதிரி கீறல் விழும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. ஓரத்தில் ஒரு பெஞ்சைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று தேய்ந்த பெஞ்சு. ஐஸ் கட்டிக்கு யார் துணைக்கு வரப்போகிறார்கள்?

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, அப்பா ஐஸ்தான் ஏத்தினாரா?”



“ஐஸும் இருந்துச்சு” என்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை ஐஸ் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிற வண்டி அது. பெஞ்சில் சொந்தக்காரர்கள் வருவார்கள். தெருவுக்குத் தெரிந்தால் தங்கச்சியோடு விளையாட ஒரு பிள்ளையும் வராது என்று அப்பா பயந்தாராம். மூத்தவன் என்று அவனிடம் மட்டும் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது என்றாராம்.

“அன்னிக்கு அடி வாங்கினியே, ஞாபகமிருக்கா? அப்பத்தான் ஒரு சின்னப் பொண்ண அவங்க வீட்டுல இறக்கிட்டு வந்திருந்தாரு. உன் வயசுதான். தண்ணி குடிச்சிட்டு வெளிய வந்து பாத்தா, அதே எடத்துல நீ கண்ண மூடிப் படுத்திருக்கே.”

கொட்டகையில் ஐஸ் வண்டி என்றே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டான். அவள் சரி என்று போனை வைத்தாள். வைத்துவிட்டு, வண்டிக்கு முன்னாலிருந்த பலகையை அழித்து எழுதினாள்: ‘இறந்தவர்களை வீடு சேர்த்த வண்டி.’ அப்போதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அந்தக் கொட்டகையில் குழந்தைகள் எந்த பிக்கப்பிலும் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்காக ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஒரு மரப்படி உண்டு. ஸ்பேனர் அப்பாவின் வண்டிக்கும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“இதுக்குப் படி வேணாம். கொழந்தைங்க யாரும் இதுல ஏறக் கூடாது” என்றாள்.

ஏன் என்று கேட்டான். சொல்ல வாயைத் திறந்தாள், சொல்ல முடியவில்லை. அவன் படியோடு திரும்பிப் போனதும், பெஞ்சின் தேய்ந்த இடத்தில் உட்கார்ந்து அழுதாள்.