ஒரு சதவீதத்துக்குக் கீழே

ஒரு சதவீதம். அதற்குக் கீழே போனால் அவள் காலி.

மேனேஜர் இதைச் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால், மொத்த டீமையும் உட்கார வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பழைய பிரவுசர்ல வர்றவங்க ஒரு சதவீதத்துக்குக் கீழ இறங்குற அன்னைக்கு பாலிஃபில்லைத் தூக்கிடலாம். அதைக் கட்டிக்கிட்டு அழற ஆளுக்கும் அப்புறம் இங்க என்ன வேலை, இல்லையா மேடம்?"

மேடம் என்றது, அந்த அலுவலகத்திலேயே வயதில் மூத்தவளை. நாற்பத்தேழு. மற்றவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஒட்டு மேடம். அவள் செய்த வேலை அப்படி.

ஒரு கண் மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்தை அவர்கள் நடத்திவந்தார்கள். டாக்டரைப் பார்க்க நாள் குறிக்கும் தேதிப் பெட்டிதான் அதன் உயிர்நாடி. அது ஒரு வெப் காம்பொனென்ட். பிரவுசரோடு பிறந்த பெட்டியல்ல. இவர்களே செய்து, இவர்களே பெயர் வைத்த பெட்டி. புதிய பிரவுசர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் காலண்டரை விரித்துவிடும். பழையவை திருதிருவென்று விழித்து, அந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிடும். அந்தப் பழசுகளுக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி நடந்துகொள்ளக் கற்றுக்கொடுக்கும் நிரல்தான் பாலிஃபில். எழுதியவள் அவள். பிரவுசர் பிரவுசராகச் சோதித்து, ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் ஒட்டுப்போட்டு, பதினோரு வருடமாக அதற்கு உயிர் கொடுத்தவளும் அவள்தான்.

அந்த வயதில் அந்தத் தொழிலை விட்டு வெளியே போனவர்களை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை. ஏழு இடங்களில் கேட்டுப் பார்த்துவிட்டாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவனின் வைத்தியம் முழுக்க இந்த அலுவலகத்துக் காப்பீட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் எண் ஒன்று புள்ளி ஒன்றுக்கு வந்தது. அன்றைக்குத்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அவள் டிராயரில் சோதனைக்காக வாங்கிய பழைய போன்கள் ஐந்து கிடந்தன. சார்ஜரில் செருகி, ஒவ்வொன்றும் சில நொடிக்கு ஒருமுறை முன்பதிவுப் பக்கத்தைத் தானாகத் திறக்கும்படி வைத்தாள். அலுவலக இணைப்பில் போனால் கணக்கில் சேராது. அதனால் தன் சொந்த போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்தாள். எண் தடுமாறி எழுந்து, ஒன்று புள்ளி எட்டில் நின்றது. அன்று வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கண்டுபிடித்தவன், பக்கங்களைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். அவளுடைய தங்கை கணவன். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, இதே மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவள்தான் உள்ளே சேர்த்துவிட்டிருந்தாள். அவள் மேஜைப் பக்கம் வந்து குனிந்தான்.

"அக்கா, ஒரு சந்தேகம். நீங்க டீ குடிக்கக் கீழ போனா, கிராஃப்ல பழைய பிரவுசர் கோடு பொத்துனு விழுது. மேல வந்தா எழுந்துக்குது. ஊர்ல உள்ள பழைய போன் எல்லாம் உங்ககூட சேர்ந்து டீ குடிக்குதா?"

ஹாட்ஸ்பாட் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் தினமும் டீக்குப் போனாள்; டிராயர் போன்களுக்கு இணைப்பு அறுந்துபோகும். எந்த பிரவுசர் எந்த வருடம் எதைக் கற்றுக்கொண்டது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவளுக்கு, இந்தச் சின்ன விஷயம் தோன்றவே இல்லை.

"தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாத. உங்க அண்ணன் படுத்த படுக்கையா இருக்காரு, உனக்குத் தெரியாதா?"

"என்னக்கா நீங்க. நமக்குள்ள என்ன. நான் போய்ச் சொல்லுவேனா?"

மறுநாள் பதினோரு மணிக்கு மீட்டிங் அறையிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே பதினான்கு பேர். சுவர்த் திரையில் அந்தக் கோடு.

"வாங்க மேடம். முதல்ல போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் மேனேஜர்.

"குடிச்சிட்டேன் சார்."

"இன்னொண்ணு குடிங்க. கைப்பையை மறந்துடாதீங்க."

போனாள். டீயைக் கையில் வாங்கி, ஆறவிட்டு, கொட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். கோடு படுத்துக் கிடந்தது. மேஜைமேல் அவளுடைய டிராயர் போன்கள் ஐந்தும் வரிசையாக.

"எவ்வளவு ஒழுக்கமான பிள்ளைங்க பாருங்க. அம்மா வெளிய போனா மூச்சு விடறதில்ல."

சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றாள். பிறகு திரையைக் காட்டினாள்.

"நான் செஞ்சது தப்புதான் சார். ஆனா கோடு தரையைத் தொடல, பாருங்க. புள்ளி ஆறுல நிக்குது. அது என் போன் இல்ல. நிஜமான நோயாளிங்க. வயசானவங்க."

"ஆறாவது போனை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"சத்தியமா இல்ல சார். தம்பி, நீ சொல்லேன். எங்கெங்க இருந்து வர்றாங்கன்னு நீ பாத்திருப்பியே."

டெஸ்டர் பார்த்திருந்தான். வேறு வேறு ஊர்கள், வேறு வேறு இணைப்புகள், தினமும் நூற்றுக்கணக்கில் ஆட்கள். எல்லாம் அவன் லேப்டாப்பிலேயே இருந்தது. மூடிய லேப்டாப்பின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

"அதெல்லாம் நான் பாக்கல சார்."

மேனேஜர் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார். "பாலிஃபில்லை ஏத்துற அந்த ஒரே வரி. உங்க கையாலேயே எடுத்துடுங்க."

எடுத்தாள். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

"வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு பயந்துட்டீங்களா? நான் என்ன அரக்கனா? உதவி எண்ணுக்கு ஆள் இல்ல. அங்க உட்காருங்க. உங்க சீட்டைத் தம்பி பாத்துப்பாரு."

உதவி எண் மேஜையில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. 'உங்கள் போன் பழையது. புதிய போனில் முயலவும். நன்றி.' அதற்குமேல் பேசக்கூடாது. அவளாக யாருக்கும் நாள் குறித்துக் கொடுக்கவும் கூடாது.

முதல் நாளே போன் ஓயவில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் டெஸ்டரையும் கூட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அடுத்த அழைப்பை அவள் ஸ்பீக்கரில் போட்டாள். கேட்கட்டும், கேட்டாலாவது நம்பட்டும் என்று.

ஒரு முதியவர். குரலில் மூச்சு வாங்கியது.

"அம்மா, கண்ணுல ஆபரேஷன் பண்ணிப் பத்து நாளாச்சு. திரும்பக் காட்டணும்னாங்க. நாள் குறிக்கலாம்னா அந்த இடம் மட்டும் வெள்ளையா இருக்கும்மா. போன வாரம் பாத்தப்போ தெரிஞ்சுது. எனக்குக் கண்ணு போயிடுச்சா?"

அவள் நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தாள். "கேட்டீங்களா சார்? இவங்கதான் அந்த புள்ளி ஆறு."

மேனேஜர் முன்னால் சாய்ந்தார். "பெரியவரே, நல்லாப் பேசறீங்க. யாரு சொல்லிக் கொடுத்தது? இந்த மேடமா?"

"யாருங்க? எந்த மேடம்? நான் தனியா இருக்கேன் சார். பக்கத்துல படிச்சுச் சொல்ல ஆளில்ல."

"போன்தான் முன்ன செட் பண்ணாங்க. இப்போ ஆளையே செட் பண்ணிட்டாங்க" என்று மேனேஜர் டெஸ்டரிடம் சொன்னார். டெஸ்டர் சிரித்தான். கொஞ்சம் தாமதமாக, ஆனால் சிரித்தான்.

மேனேஜர் அட்டையை விரலால் தட்டிக் காட்டினார்.

"உங்க போன் பழசுங்க" என்றாள் அவள். "புது போன்ல முயற்சி பண்ணுங்க. நன்றி."

"புது போன் வாங்கினா கண்ணு தெரியுமாம்மா?"

அட்டையில் அதற்குப் பதில் இல்லை. மேனேஜர் விரலைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார். கணவனுக்கு மறுநாள் ஸ்கேன்.

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.