நொமாலி கொடுத்த மாத்திரை

நொலுபாவின் தம்பி லுகான்யோ மனநல வார்டுத் தரையில் மண்டியிட்டிருந்தான். நான்கு நாளாக அவனுக்கு ஒரு வாய் சோளக் கூழ்கூட இறங்கவில்லை. டாக்டர் மபாண்ட்லா மாத்திரையை நீட்ட நீட்ட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மருந்த மறுக்கிறான். கட்டிப் போட்டு ஊசி போடுங்க," என்றார் டாக்டர்.

"மறுக்கல டாக்டர்!" என்றாள் நொலுபா. " முன்னோர் அழைச்சு வைத்தியம் கத்துக்கப் போன பையன். குரு கையால குடுக்காம எதையும் வாயில வைக்கமாட்டான். நீங்களும் எங்க கோசா இனத்துப் புள்ளதானே, இது தெரியாதா?"

"எட்டு மாசம் அந்த மந்திரக்காரிகிட்ட விட்டுட்டு, இப்ப எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

எட்டு மாதமாம்! முதலில் நொலுபா தம்பியை இங்கேதான் கூட்டி வந்தாள். படுக்கை இல்லை என்றார்கள். மறுமுறை மாத்திரை தீர்ந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் முறை வாசலோடு சரி. அப்புறம்தான் முன்னோர் வைத்தியம் பார்க்கும் நொமாலியிடம் போனாள்; அவளே அவனுக்குக் குருவானாள். அந்தப் பெண்மணிதான் இன்று காலை உடைத்துச் சொன்னாள்: "முன்னோர் பீர் கேப்பாங்க, ஆடு கேப்பாங்க. பட்டினி கெடந்து சாவுன்னு சொல்லமாட்டாங்க. இது அழைப்பு இல்லம்மா, நோவு. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்."

தப்பை ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவள். வைத்தியக்காரிகள் போடும் கழுத்து மணிகளைப் பார்த்ததும் அவளைத்தான் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

காவலாளிகள் இருவர் தம்பியின் தோளைப் பிடித்தார்கள். நொலுபா ஓடினாள். கேட்காரன் கத்தக் கத்த, நொமாலியைக் கையோடு இழுத்து வந்தாள்.

நொமாலி டாக்டர் முன்னால் கையை நீட்டினாள். என்ன நினைத்தாரோ, மாத்திரையைக் கொடுத்தார்.

"டாக்டர் மருந்துய்யா. நான் சொல்றேன், முழுங்கு. அப்புறம் கூழு குடி."

லுகான்யோ இரு கையும் குவித்து வாங்கி விழுங்கினான். கூழையும் குடித்தான். நொலுபாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

டாக்டர் கோப்பில் எழுதியதை அவள் எட்டிப் பார்த்தாள். 'டாக்டர் விளக்கியபின் நோயாளி ஒத்துழைத்தார்.'

"அடப்பாவி! விளக்குனது நீங்களா? இந்தம்மா பேர எழுதுங்க."

"அதுக்கு இதுல இடம் இல்ல. இனி இவங்க உள்ள வரக்கூடாது. அதான் விதி."

"அப்போ நாளைக்கு மாத்திரைய உங்க விதியா வந்து ஊட்டும்?"

நொலுபா டாக்டரின் நாற்காலியையே இழுத்துத் தம்பி பக்கத்தில் போட்டு, நொமாலியை உட்கார வைத்தாள்.

"எழுந்திருக்காதீங்கம்மா. எவன் எழுப்புறான்னு பாத்துடறேன்."