கறுப்புக் கல்லுக்கு இந்தப் பக்கம்

ஓடி வந்த வேகத்தில் ஹாவிஸ் கறுப்புக் கல்லை மிதித்தே இருப்பாள். சிமண்ட் குறுக்கே பாய்ந்து அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

“இதுக்கு மேல வராதக்கா.”

கோவிலின் மேற்குக் கோடியில், தரையின் குறுக்கே பதித்த கல்வரிசை அது. பெண்களுக்கு அதுவரைதான். உள்ளே அடக்கமாகியிருக்கும் புனிதருக்குப் பெண்கள் என்றால் ஆகாது. செத்து ஐந்நூறு வருஷமாகியும் அவர் மனம் இளகவில்லை.

கல்லுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது தூணடியில் அவள் புருஷன் தர்ஸ்டன் கிடந்தான். நடந்தால் இருபது எட்டு தூரம் இருக்கும். சாரம் முறிந்து மேலேயிருந்து விழுந்திருந்தான். சுண்ணாம்பு படிந்த தலை மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

“இங்க தூக்கிட்டு வாங்கடா. நான் பாத்துக்கறேன்.”

“முதுகு போயிருச்சுக்கா. அசைச்சா உசிரு நிக்காதுன்னு ஆல்ட்வின் சாமி சொல்லிட்டாரு. எண்ணெய் எடுக்கப் போயிருக்காரு.” சிமண்ட் ஒன்பது வருஷமாகத் தர்ஸ்டனோடு கல் கொத்தியவன்.

“ஹாவிஸ்,” என்று தூணடியிலிருந்து குரல் வந்தது.

“இங்கதான் இருக்கேன்.” அவள் கத்தியது அந்தக் கூரை உயரத்தில் சிதறிப் போனது. சிமண்ட் ஓடிப்போய்க் குனிந்து கேட்டுவிட்டு வந்தான்.

“இன்னும் கோபமான்னு கேக்கறான்.”

காலையில் வீடு ஒழுகுவதைப் பற்றிச் சண்டை. ஊர்க்கோவிலுக்கெல்லாம் கூரை போடுகிறவனுக்குச் சொந்தக் கூரை கண்ணில் படவில்லை. ‘போ, அந்தக் கோவிலையே கட்டிக்கிட்டு அழு’ என்று சொல்லி அனுப்பியவள் அவள்தான்.

“கோபமெல்லாம் இல்லன்னு சொல்லு.”

இந்த முறை அவன் மெதுவாகத் திரும்பி வந்தான். “அப்ப ஏன் அங்கயே நிக்குற, வரச் சொல்லுங்கறான்.”

“இங்க கல்லு இருக்குன்னு சொல்லலையா?”

“சொன்னேன். போன வருஷம் நாங்க ரெண்டு பேரும்தானே பதிச்சோம். எந்தக் கல்லுடாங்கறான்.”

ஹாவிஸ் பாவாடையைத் தூக்கிக்கொண்டு காலை எடுத்தாள்.

“மகளே.” ஆல்ட்வின் சாமி எண்ணெய்ச் சிமிழோடு அந்தப் பக்கம் வந்து நின்றார். வயதான பாதிரியார், மூச்சு வாங்கியது. “உன்னைத் தடுக்க எனக்குத் தெம்பு இல்ல. ஆனா நீ தாண்டினா கோவில் தீட்டு. திரும்ப மந்திரிக்கிற வரைக்கும் உள்ள ஒரு சடங்கும் நடக்காது. சாகப்போறவங்களுக்குப் பூசுற அவஸ்தை எண்ணெய அவனுக்கு இன்னும் பூசல.”

எடுத்த கால் அப்படியே நின்றது.

“பூசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் சாமி?”

“ஜெபம் முழுசும் சொல்லணும்மா.”

அவள் காலைப் பின்னால் வைத்தாள். போர்த்தியிருந்த கம்பளியை உருவி நீட்டினாள். “இதையாவது போத்திவிடுங்க. துணியும் தீட்டுன்னு சொல்லிடாதீங்க.”

அவர் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

லத்தீன் ஜெபம் தொடங்கியது. ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரியவில்லை. எங்கே முடியும் என்றும் தெரியவில்லை. புனிதர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதனால் எண்ணெய் பலிக்காமல் போய்விடுமோ என்று பயந்து, உடனே அவரிடமே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். தர்ஸ்டன் இன்னும் இரண்டு முறை அவளைக் கூப்பிட்டான். “சொல்லு சிமண்ட், வந்துடறேன்னு சொல்லு,” என்றாள். சிமண்ட் போய்ச் சொன்னான். அதன் பிறகு கூப்பிடவில்லை.

ஜெபம் முடிந்தும் சாமி எழுந்திருக்கவில்லை. சிமண்ட் தொப்பியைக் கழற்றினான்.

“இனிமே தூக்கலாம்,” என்றார் சாமி.

நான்கு பேர் தூக்கினார்கள். முதுகைப் பார்த்துத் தூக்கு என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அந்த இருபது எட்டு தூரத்தைக் கடக்க நேரமே ஆகவில்லை. கல்லைத் தாண்டி அவள் காலடியில் கிடத்திவிட்டு விலகி நின்றார்கள்.

ஹாவிஸ் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை இன்னும் சூடாக இருந்தது.